மீஸான் கல்லில் ஒரு பெயர்: பாரீஸ் பள்ளிவாசலும் ஒரு திரைப்படமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

இஸ்மாயீல் ஃபரூக்கி என்னும் மொராக்கோ வம்சாவளி இயக்குநர் எடுத்த பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்று 2011ஆம் ஆண்டு வெளியானது. 'சுதந்திர மனிதர்கள்' என்பது அதன் பெயரின் பொருள். ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரீஸில், யூதர்கள் சிலருக்குப் பள்ளிவாசல் ஒன்று புகலிடமான கதையை அது சொல்கிறது. திரைப்படம் பார்ப்பதன் சட்டம் இங்கே நம் பேச்சன்று. அது தொட்ட வரலாறே நம் பேச்சு.

முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிர்நீத்த முஸ்லிம் வீரர்களின் நினைவாகக் கட்டப்பட்டு, 1926இல் திறக்கப்பட்டது பாரீஸ் பெரிய பள்ளிவாசல். அல்ஜீரியாவில் பிறந்த ஸீ கத்தூர் பின் கப்ரீத் அதன் தலைவராக இருந்தார். 1940 ஜூன் 14 அன்று ஜெர்மானியப் படை பாரீஸுக்குள் நுழைந்தது. யூதர்கள் கணக்கெடுக்கப்பட்டனர்; 1942 ஜூலை 16, 17 ஆகிய இரு நாட்களில் மட்டும் ஏறத்தாழ 13,000 பேரைப் பிரெஞ்சுக் காவலர்களே பிடித்தனர். அவர்களுள் 4,000க்கும் அதிகமானோர் குழந்தைகள்.

வட ஆப்பிரிக்க யூதர்கள் அரபு பேசினர். முஸ்லிம்களைப் போலவே கத்னா செய்திருந்தனர். பெயர்களிலும் ஒற்றுமை இருந்தது. ஆகவே, 'இவர் முஸ்லிம்' என்று பள்ளிவாசல் தரும் ஒரு சான்றிதழ் ஓர் உயிரைக் காக்கப் போதுமானதாக இருந்தது. அத்தகைய சான்றிதழ்களை யூதர்களுக்கு வழங்குவதாகப் பள்ளிவாசல் ஊழியர்கள்மீது ஜெர்மானியர் ஐயம் கொண்டிருந்ததை, 1940 செப்டம்பர் 24 தேதியிட்ட பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகக் குறிப்பு ஒன்று பதிவு செய்துள்ளது.

ஸலீம் ஹலாலி என்ற அல்ஜீரிய யூதப் பாடகரின் செய்தி பரவலாக அறியப்பட்டது. பின் கப்ரீத் அவருக்குச் சான்றிதழ் வழங்கினார். அதை மெய்ப்பிக்க, பொபின்யீ முஸ்லிம் மையவாடியில் ஒரு கப்ரின் மீஸான் கல்லில் அவருடைய முன்னோர் பெயரைப் பொறிக்கச் செய்தார். ஹலாலி பிழைத்து, 2005 வரை வாழ்ந்தார். அதே பொபின்யீயின் ரயில் நிலையத்திலிருந்துதான் 1943 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை 20,000க்கும் மேற்பட்ட யூதர்கள் மரண முகாம்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். ஒரே ஊரில் ஒரு கல் உயிர் காத்தது. ஒரு தண்டவாளம் உயிர்களைக் கொண்டு சென்றது.

இனி, நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இப்பள்ளிவாசல் 1,700க்கும் மேற்பட்ட யூதர்களைக் காத்ததாக ஒரு கணக்கு நம் குழுமங்களில் வலம் வருகிறது. அந்த எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கவில்லை. படத்தின் நாயகன் யூனுஸும் வரலாற்றில் வாழ்ந்தவர் அல்லர். பலருடைய அனுபவங்களைச் சேர்த்துப் புனைந்த பாத்திரம். பின் கப்ரீத் ஆட்சியாளர்களோடு சுமுகமாகப் பழகியவர் என்பதும் பதிவாகியுள்ளது.

இவற்றைச் சொன்னால் நம் பெருமை குறைந்துவிடுமோ என்று சிலர் தயங்குகின்றனர். நமக்கே எதிராயினும் உண்மைக்குச் சாட்சி நிற்குமாறு பணிக்கிறது அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம். கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம். ஓர் உயிரைக் காப்பதன் மகத்துவத்தைக் கூறும் அல்மாயிதாவின் 32ஆம் வசனத்தை அறிந்த சமுதாயத்திற்கு 1,700 என்ற எண் எதற்கு? ஒருவர் காக்கப்பட்டிருந்தாலும் அது பெரிய அமலே.

வேறொரு கேள்வியையும் மாணவர்கள் கேட்கின்றனர்: "பலஸ்தீனில் இவ்வளவு நடக்கும்போது, யூதர்களைக் காத்ததை ஏன் நினைவுகூர வேண்டும்?" அநீதி இழைப்போரை எதிர்ப்பது நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆயின், ஒருவர் பிறந்த குலத்தையே குற்றமாக்கியது நாஜிகளின் வழி. அது நம் வழியன்று. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். இறந்த உடலுக்கே அந்தக் கண்ணியம் எனில், உயிருக்கு அஞ்சி வாசலில் நிற்பவருக்கு எவ்வளவு?

நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்வோம். கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வோம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.