உரிமையும் ஒரு மாதக் கெடுவும்

1905இல் எம். சி. அப்துல் காதர் என்ற சட்டத்தரணி துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றினார். தொப்பியோடு வாதாட பிரதம நீதியரசர் லேயார்ட் இடமளிக்கவில்லை. அடிப்படை உரிமை என்றொரு அத்தியாயம் அன்றைய சட்டத்தில் கிடையாது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் போன்றோர் முன்னின்று கூட்டம் கூட்டினார்கள், மனு எழுதினார்கள். அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருந்திரளான மக்கள் ஒன்றுகூடினர். ஈற்றில் தடை நீங்கியது. இந்தக் கதையை நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆனால் அதன் பிறகு உரிமைகள் சட்டத்துக்குள் வந்த கதையை நம்மட பிள்ளைகளுக்குச் சொல்வது குறைவு.

1947இன் சோல்பரி யாப்பில் 29ஆம் பிரிவு இருந்தது. ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ பாரபட்சமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்றது அது. அப்படியிருந்தும் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியபோது அந்தப் பிரிவு அவர்களைக் காக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் யாப்பு உரிமைகளைப் பட்டியலிட்டது. மீறினால் நேரே நீதிமன்றம் போகும் தனி வழியை வகுக்கவில்லை. 1978ஆம் ஆண்டின் யாப்புத்தான் அந்த வழியைத் திறந்தது. 126ஆம் உறுப்புரையின்படி, அரச நிர்வாகத்தால் உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம்.

அந்த ஒரு மாதத்தை எத்தனை மாணவர்கள் அறிவார்கள்? குடியுரிமைக் கல்வி சாதாரண தரத்தில் தெரிவுப் பாடம் மட்டுமே. அதைப் படிக்கிற பிள்ளையும் உரிமைகளின் பெயர்களைப் பாடமாக்கிப் புள்ளி எடுக்கிறது. எங்கே போவது, எப்போது போவது என்பது பரீட்சைக்கு வேண்டியதாக இல்லை.

பாடசாலையே உரிமை மீறுமிடமாகவும் ஆகலாம். ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. சித்திரவதையையும் இழிவான நடத்துகையையும் தடுக்கும் உறுப்புரை அது. ஆசிரியரும் அரசும் நட்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. நம்மட வீடுகளிலோ, அடிவாங்கி வந்த பிள்ளையிடம் முதலில் கேட்பது, "நீ என்ன குழப்படி செஞ்சாய்?" என்பதுதான். அந்த விசாரிப்பிலேயே ஒரு மாதம் ஓடிப்போய்விடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கெடுவில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தந்த வசதி இது.

வாசல் இருந்தால் எப்போதும் திறக்கும் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது. கொவிட் காலத்து ஜனாஸா எரிப்புக்கு எதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்க 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. அடக்கம் செய்ய அனுமதி வந்தது 2021 பெப்ரவரியில், வர்த்தமானி மூலம். மதச் சுதந்திரம் என்று ஒரே வரியில் படித்த பிள்ளைக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். யாப்பு அதை இரண்டாகப் பிரித்திருக்கிறது. நம்பிக்கை கொள்வது 10ஆம் உறுப்புரை; அதற்கு எந்த மட்டுப்பாடும் இல்லை. நம்பியதை அனுட்டிப்பது 14ஆம் உறுப்புரை. பொதுச் சுகாதாரம் போன்ற காரணங்களுக்காக அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்த 15ஆம் உறுப்புரை இடம் தருகிறது. மட்டுப்பாடு நியாயமானதா என்று கேட்கத் தெரிய வேண்டுமென்றால், முதலில் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குப் புதிய பாடப்புத்தகம் தேவையில்லை. வரலாற்றுப் பாடத்தில் ஒரு பாடவேளை போதும். அஹதிய்யா வகுப்பிலும் செய்யலாம். ஒரு சம்பவத்தைக் கொடுத்து, எந்த உறுப்புரை, யாரிடம் முறையிடுவது, கடைசித் திகதி எது என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். 1905இல் நம் முன்னோருக்கு மனு எழுதத் தெரிந்திருந்தது. இன்று மனுவோடு நாட்காட்டியையும் பார்க்கத் தெரிய வேண்டும்.