கஞ்சி கொண்டுவந்த பெண்



திருவருகைக் காலத்தின் கடைசி வாரத்துக்கு வந்துவிட்டோம். மலர்வளையத்தில் நான்கு மெழுகுதிரிகளும் எரிகின்றன. இந்த நாள்களில் திருப்பலியில் நாம் கேட்கும் நற்செய்திப் பகுதிகள், மனிதக் கணக்குப்படி நடக்கவே முடியாத காரியங்களைச் சொல்கின்றன. முதிர்ந்த வயதில் எலிசபெத்து கருவுறுகிறார். நாசரேத்தூர்க் கன்னி ஒருவர் தாயாகப் போகிறார் என்று செய்தி வருகிறது. கடவுளுக்கு முடியாதது எதுவும் இல்லை என்கிறார் வானதூதர். குருவாகிய செக்கரியாவே நம்பத் தயங்கிய இடத்தில் மரியா நம்புகிறார். நம்பியவர் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கவும் இல்லை. யூதேய மலைநாட்டுக்கு விரைந்து போகிறார். வயதான உறவினரோடு மூன்று மாதம் தங்குகிறார்.

நம்புவதும் புறப்பட்டுப் போவதும் இப்படிச் சேர்ந்தே வருகின்றன. அதற்கு நம் பக்கத்துக் கடலிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்தில் இறங்கிய ஒரு குருவானவரின் வரலாறு அது. அவர் புனித யோசேப் வாஸ்.

முதலில் அவருக்காகக் காத்திருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. அதுவரை அங்கே ஆண்ட போர்த்துக்கீசர் வெளியேறினார்கள். அவர்களோடு குருக்களும் வெளியேற்றப்பட்டார்கள். ஒல்லாந்தர் கால்வினிய சபையினர். அவர்கள் கண்ணில் கத்தோலிக்கர் என்றால் சமய எதிரி மட்டுமல்ல, போர்த்துக்கல்லுக்கு உளவு சொல்லக் கூடியவரும்கூட. கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோவில்கள் அவர்களுடைய சபைக்குக் கைமாறின. திருமுழுக்கும் திருமணமும் அந்தச் சபையின் பதிவேட்டில் ஏறினால்தான் சட்டத்தின் முன் செல்லும்.

ஆகவே மக்கள் வெளியே ஒன்றாகவும் வீட்டுக்குள் வேறாகவும் வாழ்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒல்லாந்தர் கோவிலுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு மங்கள வார்த்தை செபம் சொன்னார்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சிலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டுக்குள் போனார்கள். மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போன குடும்பங்களின் கதை நமக்குத் தெரியும். இன்றைய மடுத் திருத்தலம் அப்படி உண்டானதுதான். மற்றவர்கள் ஊரிலேயே இருந்து, தங்களுக்குத் தெரிந்த செபங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இப்படிப் போயின. 1658இல் பிறந்த குழந்தை வளர்ந்து, மணமுடித்து, தன் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுக்கும் வயதுக்கு வந்துவிட்டது. ஒரு திருப்பலிகூடக் கண்டதில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லை. சாகிறவர்களுக்கு நற்கருணை இல்லை. நம் திருவருகைக் காலம் நான்கு வாரம். அவர்களுடையது முப்பது ஆண்டு.

இனிக் கோவாவுக்கு வருவோம். யோசேப் வாஸ் 1651 ஏப்ரல் 21 அன்று அங்கே பெனாலிம் என்ற ஊரில், கொங்கணி பேசும் குடும்பத்தில் பிறந்தார். 1676இல் குருவானார். கோவா அப்போது போர்த்துக்கீசரின் தலைநகரம். அங்கே சுதேசிக் குருக்களுக்கு இருந்த மதிப்பு குறைவு. ஐரோப்பியத் துறவற சபைகள் அவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால்தான் கோவாவின் குருக்கள் சிலர் 1685இல் தாங்களாகவே ஒன்றுகூடி, புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைப் பின்பற்றி ஒரு சபையைத் தொடங்கினார்கள். வாஸ் அடிகளார் அதில் சேர்ந்து தலைமை ஏற்றார். இலங்கையில் குருவில்லாமல் தவிக்கும் மக்களைப் பற்றி அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார். அங்கே போக வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை.

அந்தக் காலத்து அறிவாளிகளிடம் கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். கடலோரம் முழுதும் ஒல்லாந்தர் காவல். தூத்துக்குடியும் அவர்கள் கையில். வெள்ளைக்காரக் குரு ஒருவர் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தால் அன்றைக்கே பிடிபடுவார். ஆனால் வெறுங்காலோடு, இடுப்பில் ஒரு துண்டோடு வரும் கறுத்த மனிதரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கோவாவில் எந்த நிறம் அவருக்குக் குறையாக எண்ணப்பட்டதோ, அதுவே யாழ்ப்பாணத்துக்குள் நுழைய வழியானது. கடவுள் வழி திறக்கிறார் என்று நாம் பிரசங்கத்தில் சொல்லும்போது செங்கடல் பிளந்ததைத்தான் நினைக்கிறோம். இங்கே அவர் திறந்த வழி ஒரு மனிதனின் தோல் நிறம்.

1686இல் அவர் கோவாவை விட்டுப் புறப்பட்டார். கூட வந்தது ஜான் என்ற ஓர் இளைஞர், அவருடைய பணியாள். தூத்துக்குடிக்கு வந்து, 1687இல் கூலியாள் வேடத்தில் கப்பலேறினார்கள். குருவின் அங்கி இல்லை. தரையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கவும் வெறுங்காலோடு நடக்கவும் அவர் முன்கூட்டியே பழகிக்கொண்டார். பயணம் மோசமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது கடும் வயிற்றுக்கடுப்பு அவரைப் பிடித்திருந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். முப்பது ஆண்டு காத்திருந்த மக்களுக்குக் குரு வந்துவிட்டார். எப்படி வந்தார்? நோயாளியாக, பரதேசியாக, யாரும் கிட்டப் போகத் தயங்கும் நிலையில். தொற்றுநோய் என்று பயந்து ஊரார் அவரை ஒதுக்கி வைத்தார்கள் என்றும், அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி இரங்கிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்றும், அதனால் அவர் பிழைத்தார் என்றும் அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. தான் கஞ்சி ஊற்றுவது ஒரு குருவுக்கு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பயந்திருக்கவும் கூடும். குருவுக்கு இடம் கொடுத்தால் தலை போகும் காலம் அது. அவள் கண்டது வயிற்று வலியில் கிடந்த ஓர் அந்நியனை மட்டும்தான்.

மறைமாவட்டங்கள், ஆலயங்கள், குருமடங்கள் என்று இன்று இலங்கைத் திருச்சபையில் நாம் காண்பவற்றுக்கெல்லாம் பின்னால் அந்தக் கஞ்சிக் கலயமும் இருக்கிறது. அந்த வாரம் வாஸ் அடிகளார் இறந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் புதைத்திருப்பார்கள். பெத்லகேமிலும் இடம் கேட்டு வந்தவர்கள் இன்னார் என்று யாருக்கும் தெரியவில்லை அல்லவா?

உடம்பு தேறியதும் அடுத்த சிக்கல். கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் காட்டிக்கொடுத்து விடுவார்கள். அவர் செய்தது எளிய காரியம். கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டதும் சில முகங்கள் மாறின. சில கண்கள் அதை விட்டு அகலவில்லை. அப்படி ஒரு குடும்பத்தாரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்து, கடைசியில் தாம் யாரென்று சொன்னார். அந்த வீட்டில் அப்போது என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாசலில் நிற்கும் பிச்சைக்காரர், தாத்தா காலத்திலிருந்து இவர்கள் கேட்டுக்கொண்டே இருந்த வரம்.

பிறகு கத்தோலிக்கர் மிகுந்திருந்த சில்லாலைக்கு அவரை அழைத்துப் போனார்கள். அங்கே மறைந்திருந்து தமிழ் கற்றார். பகலில் ஒளிந்திருந்து, இரவில் திருப்பலி நிறைவேற்றினார்; பாவசங்கீர்த்தனம் கேட்டார். வெளியே ஒல்லாந்தர் சபைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அது அதிகாரிகளின் காதுக்கும் எட்டியது.

1689ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. நள்ளிரவுத் திருப்பலிக்காக மக்கள் வீடுகளில் கூடியிருந்தபோது படைவீரர்கள் புகுந்தார்கள். ஏறக்குறைய 300 பேர் பிடிபட்டார்கள். குருவானவர் மட்டும் அகப்படவில்லை. முதன்மையானவர்கள் என்று எட்டுப் பேரைப் பிரித்தெடுத்துக் கசையால் அடித்தார்கள். அவர்களில் தொன் பேதுரு என்பவர் முன்பு கால்வினிய சபையில் இருந்து கத்தோலிக்க மறைக்கு வந்தவர். அடி தாங்காமல் அவர் இறந்தார். மற்றவர்களுக்குக் கடும் வேலைத் தண்டனை கிடைத்தது. நம்பினால் எல்லாம் நலமாக முடியும் என்று சொல்லிவிட்டுப் போகும் பிரசங்கங்களை நானும் செய்திருக்கிறேன். அந்த 300 பேரின் முன்னால் நின்று அப்படிச் சொல்ல எனக்குத் துணிவு வராது. கிறிஸ்துமஸ் இரவில் அவர்களுக்குக் கிடைத்தது சிறை. ஆனால் அடுத்த ஆண்டும் அவர்கள் கத்தோலிக்கராகவே இருந்தார்கள்.

வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளம் போய், 1692இல் ஒல்லாந்தர் ஆட்சிக்கு உட்படாத கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார். அங்கேயும் போர்த்துக்கீச ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையில் வைத்தார்கள். மழையில்லாமல் நாடு தவித்தபோது அவர் செபிக்க, மழை பெய்தது என்றும், மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் அதன்பின் அவர் மீது மதிப்புக் கொண்டார் என்றும் சொல்வார்கள். நம் மக்களுக்குப் பிடித்த கதை இதுதான். படங்களிலும் இதைத்தான் வரைகிறார்கள். எனக்கோ அதற்குப்பின் நடந்தது பெரிதாகப் படுகிறது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னரும் பெரியவர்களும் நகரை விட்டுப் போனார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கோவாவிலிருந்து அப்போதுதான் உதவிக்கு வந்திருந்த தம் மருமகன் அருள்தந்தை யோசேப் கார்வாலோவோடு வாஸ் அடிகளார் அந்த நோயாளிகளைத் தேடிப் போனார். குடிசைகள் போட்டார். உணவு கொடுத்தார், புண்களைக் கழுவினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்னால் நோய்க்குப் பயந்து யாழ்ப்பாணத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டு, யாரோ ஊற்றிய கஞ்சியால் உயிர் பிழைத்தவர் அவர். காட்டில் கிடக்கிறவனின் மனம் அவருக்குத் தெரியும்.

அவர் கோவாவுக்குத் திரும்பவே இல்லை. ஊர் ஊராக நடந்தார். குரு இல்லாத வேளையில் மக்களைச் செபத்தில் நடத்த மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் காலமானார். இலங்கையில் 24 ஆண்டுகள்.

2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலி முகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுவுக்குப் போனார். ஒல்லாந்தருக்குப் பயந்து ஓடியவர்கள் சுரூபத்தை இறக்கி வைத்த அந்தக் காட்டில், போரில் உறவுகளை இழந்த தமிழ்க் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் மாதாவின் முன் ஒன்றாக நின்று அவருக்காகக் காத்திருந்தன.