49 கிலோக்காரரின் சண்டை

"சின்னப் பொடியள் அடிபடுறதில என்ன பாக்கக் கிடக்கு?" குத்துச்சண்டை எண்டாலே நம்மில் பலருக்கு அலியும் டைசனும்தான். ஆனால் 1993 மார்ச் 13இல் லாஸ் வேகாஸில் மோதிய மைக்கல் கார்பஹாலும் ஹம்பர்ட்டோ கொன்சாலஸும் 49 கிலோப் பிரிவுக்காரர்கள். இருவரிடமும் ஆளுக்கொரு உலகப்பட்டம் இருந்தது.

கார்பஹால் இரண்டாம் சுற்றில் விழுந்தார், ஐந்தாம் சுற்றிலும் விழுந்தார். ஏழாம் சுற்றில் கொன்சாலஸைச் சாய்த்துவிட்டார். 'த ரிங்' சஞ்சிகை அதை அவ்வாண்டின் சிறந்த சண்டையாகத் தெரிவுசெய்தது. 1994 மறுமோதலில் கார்பஹாலுக்கு 10 இலட்சம் டொலர். அந்தப் பிரிவில் அதுவரை எவருக்கும் கிடைக்காத தொகை.

பாரம் குறைஞ்ச ஆக்களுக்கு ஒரே குத்தில் முடிக்கிறது கஷ்டம். அதனால் வேகமும் கணக்கும் வேணும். நாங்கள் ரசிப்பது அதைத்தான். பெரிய ஆக்கள் வரும்வரை நேரம்போக்க வைக்கிற சண்டையல்ல இது. ஒருக்கா முழுசாத் தேடிப் பாருங்கோ.