மெரிடன் ஆலையும் தொழிலாளர் கையும்

பழைய ட்ரயம்ப் பொன்னவில் மோட்டார்ச் சைக்கிளைக் கிளப்புவதற்குப் பொறுமை வேண்டும். முதலிற் கிளச்சைப் பிடித்தபடி உதைகோலை மிதித்து, எண்ணெயில் ஒட்டிக்கிடக்கும் தட்டுகளைப் பிரிக்க வேண்டும். பின்னர் காபுரேற்றரிலுள்ள சிறு பொத்தானை அமுக்கிப் பெற்றோல் கசியும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பின்பே உடலின் பாரம் முழுவதையும் காலில் இறக்கி உதைக்கலாம்.

ஓடி முடிந்த பின்னும் வேலை ஓய்வதில்லை. இரு பிஸ்ரன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால் எழும் அதிர்வு நட்டுகளைத் தளர்த்திவிடும். எஞ்சினின் அடிக்கூடு நிலைக்குத்தாகப் பிரிந்த இரு பாதிகளாலானது; அவை பொருந்துமிடத்தில் எண்ணெய் கசியும். ஜோசப் விட்வேர்த் 1841இல் வகுத்த திருகுப்புரி முறையிலிருந்து கிளைத்த பழைய புரிகள் சில பாகங்களிலும், பின்வந்த புதிய புரிகள் வேறு பாகங்களிலும் இருக்கும். ஆகவே 1960களின் கடைசியில் வெளிவந்த வண்டியொன்றைப் பழுதுபார்ப்பவனுக்கு ஒருவகை ஸ்பனர் மட்டும் போதாது.

இன்று இவ்வண்டிகளைப் பெருவிலை கொடுத்து வாங்கிப் போற்றுவோர் பலர். ஆனால் அவற்றை ஆக்கிய கைகளை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்?

ஜெர்மனியிற் பிறந்த சீக்பிரீட் பெற்மன் நிறுவிய ட்ரயம்ப் கம்பெனி, 1902இல் பெல்ஜிய எஞ்சின் பூட்டிய முதல் மோட்டார்ச் சைக்கிளை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஆக்கியது. 1937இல் எட்வேட் ரேனர் வகுத்த இரட்டைச் சிலிண்டர் வண்டி, பின்னர் பிற பிரித்தானியக் கம்பெனிகளுக்கும் வழிகாட்டியாயிற்று. 1940 நவம்பர் 14ஆம் திகதி இரவு ஜெர்மானியக் குண்டுகள் கொவென்றியைச் சிதைத்தபோது ஆலையும் அழிந்தது. 1942இல் மெரிடன் கிராமத்தருகே புதிய ஆலை எழுந்தது. போருக்குப் பின் அமெரிக்காவுக்கு வண்டிகளை அனுப்பி நாட்டுக்கு டொலர் தேடித் தந்தவர்கள் அங்கு உழைத்த தொழிலாளரே. 1959இற்கான புதிய வண்டியாகப் பொன்னவில் சந்தைக்கு வந்தது.

பத்தாண்டுகள் கழியுமுன் நிலைமை மாறிற்று. 1969இல் ஹொண்டாவின் 750 கன சென்ரிமீற்றர் வண்டி நான்கு சிலிண்டர்களோடும், மின்சாரத்தாற் கிளப்பும் வசதியோடும் வந்தது. பிரித்தானிய முதலாளிமாரோ ஜப்பானியர் நுழைந்த ஒவ்வொரு துறையையும் விட்டுக்கொடுத்து, சிறிய வண்டிகளிலிருந்து பெரியவற்றுக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்தனர். உடனடி இலாபத்தைக் காத்தவர்கள் நாளைய ஆலையைக் காக்கவில்லை. அரசாங்கம் கேட்டுப் பெற்று 1975இல் வெளியான ஆய்வறிக்கையும் இப்பின்வாங்கலையே சுட்டிக்காட்டியது.

1973 செப்ரெம்பரில் மெரிடன் ஆலை மூடப்படுமென நிர்வாகம் அறிவித்தது. தொழிலாளர் வீடு திரும்பவில்லை. வாயிலை மறித்து நின்றனர். முடித்த வண்டிகளோ கருவிகளோ அவர்களின் சம்மதமின்றி வெளியே போகமுடியவில்லை. மாரிகாலக் குளிரிலும் காவல் தொடர்ந்தது. 1974இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபின் கைத்தொழில் அமைச்சர் ரோனி பென் அவர்களுக்குத் துணைநின்றார். 1975 மார்ச்சில் தொழிலாளர் கூட்டுறவு பிறந்தது. அரசாங்கம் 42 இலட்சம் பவுண் கடனும் ஏழரை இலட்சம் பவுண் நன்கொடையும் அளித்தது. வேலை எதுவாயினும் யாவருக்கும் ஒரே சம்பளம் என்பது அவர்கள் வகுத்த நெறி. வலப்புறமிருந்த கியர் மிதியை அமெரிக்கச் சட்டத்துக்கேற்ப இடப்புறம் மாற்றியது அவர்களின் தொடக்க வேலைகளுள் ஒன்று.

இக்கதையிற் கசப்பான பகுதியும் உண்டு. மெரிடனுக்குக் கிடைக்கும் பணம் தம் வேலையைப் பறித்துவிடுமென்று பர்மிங்ஹாமின் ஸ்மோல் ஹீத் ஆலைத் தொழிலாளர் அஞ்சி எதிர்த்தனர். முதலாளித்துவம் தன் தவறுக்கான விலையைத் தொழிலாளர் தலையிற் சுமத்துவதோடு நில்லாது, அவர்களையே ஒருவர்க்கொருவர் எதிராக நிறுத்துகிறது. கூட்டுறவுக்கும் விற்பனை உரிமை 1977வரை கைக்கு வரவில்லை. புதிய எஞ்சினொன்றை ஆக்கிச் சந்தைக்குக் கொண்டுவரப் போதிய மூலதனமும் இல்லை. 1980இல் மின்சாரத்தாற் கிளம்பும் வண்டியை அவர்கள் கொண்டுவந்தபோது, ஹொண்டா அதைச் செய்து பதினோராண்டுகள் கழிந்திருந்தன. அமெரிக்க விற்பனையும் வீழ்ந்தது. 1983 ஓகஸ்டில் கூட்டுறவு கலைக்கப்பட்டது. ஆலை இடிக்கப்பட்ட நிலத்தில் இன்று வீடுகள் நிற்கின்றன. ட்ரயம்ப் என்ற பெயரை வாங்கியவர் அதனை வேறோர் ஆலையில் தொடர்ந்தார்.

தோல்விதானே என்பார் உளர். முதலாளி கைகழுவிய ஆலையைத் தொழிலாளர் எட்டாண்டுகள் தாமே நடத்தினர் என்பதை அவர்கள் மறக்கின்றனர். உழைக்கத் தெரிந்தவர்களுக்கு நிர்வகிக்கத் தெரியாதென்ற வாதத்தை மெரிடன் அசைத்துவிட்டது. மூலதனமும் சந்தையும் பிறர் கையிலிருக்கும்போது ஆலை மட்டும் தொழிலாளர் கைக்கு வந்தாற் போதாது என்பதையும் அதுவே காட்டிற்று.

1975இன் பின் மெரிடனில் ஆன பொன்னவில் வண்டிகள் இன்னும் வீதிகளில் ஓடுகின்றன. அவற்றின் தளர்ந்த நட்டை இறுக்குபவன், அதனை முதலில் முறுக்கியவன் அந்த ஆலையின் பங்காளி என்பதையும் அறிந்திருப்பானாக.