அனுதாபம் என்ற ஒரு சொல்

2017இல் நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடுதியில் எங்கள் மாடியைக் கூட்டித் துடைக்கும் அக்காவுக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. பழைய குத்தகையாளர் போய்ப் புதியவர் வந்திருந்தார். நடுவில் அந்தச் சம்பளம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. "தம்பி, நீ படிக்கிற பிள்ள. மேல ஆபீசுக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடேன்" என்றார். மலாயில் ஒரு பக்கம் எழுதினால் போதும், அரை மணி நேர வேலை. "பார்க்கிறேன்க்கா" என்றேன். பார்க்கவில்லை.

அறைத்தோழன் காரணமும் எடுத்துக் கொடுத்தான். "ஆவுக்கு இருக்குடா. மாட்டிக்கிட்டா பி.டி.பி.டி.என் கடனும் போயிடும்." அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பயந்தது நான் இல்லை, தடுத்தது சட்டம் என்று ஆகிவிட்டதல்லவா?

ஆவுக்கு என்று நாங்கள் சுருக்கிச் சொல்வது 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம். அதை நான் முதன்முதலாக வாசித்ததே போன வருடம்தான். மழையில் வேலை நின்றுபோன ஒரு மதியம், கட்டுமானத் தளத்தின் கொள்கலன் ஆபீசில் உட்கார்ந்து வாசித்தேன். பழைய 15ஆம் பிரிவில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. கட்சிக்கோ தொழிற்சங்கத்துக்கோ ஆதரவு, எதிர்ப்பு காட்டுவதாகக் கருதத்தக்க எதையும் மாணவர் செய்யக்கூடாது. சரி, புரிகிறது. அந்த இரண்டுக்கும் இடையில் இன்னொன்றும் இருந்தது: அனுதாபம். அதையும் காட்டக்கூடாது.

ஒரு சட்டம் அனுதாபத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்? 1974ஐப் பார்த்தால் தெரியும்.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஜொகூர் பாரு தாசிக் உத்தாராவில் புறம்போக்குக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. மாணவர்கள் போய் அந்த மக்களோடு நின்றார்கள், கைதானார்கள். அதைக் கண்டித்து மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் செப்டம்பர் 21இல் பல்கலைக்கழக நிர்வாகத்தையே கையில் எடுத்தது. விளைவு, சங்கம் முடக்கப்பட்டது. அடுத்தது பாலிங். ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது, அரிசி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. அந்த வருடம் நாட்டின் பணவீக்கம் ஏறக்குறைய 17 சதவீதம். காட்டுக்கிழங்கைத் தின்று ஒரு குடும்பம் செத்தது என்ற பேச்சு பரவியது, அரசாங்கம் மறுத்தது. டிசம்பர் 1ஆம் தேதி பாலிங்கில் கூடியவர்கள் 30,000க்கும் மேல். டிசம்பர் 3ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் திடலில் மாணவர்கள் திரண்டார்கள். அன்று ஒரே நாளில் கைதானவர்கள் 1,128 பேர். அடுத்த சில நாட்களில் போலீஸ் வளாகங்களுக்குள்ளேயே நுழைந்தது. இசா சட்டத்தின்கீழ் அன்வார் இப்ராஹிம் ஏறக்குறைய இரண்டு வருடமும், விரிவுரையாளர் சைட் ஹுசின் அலி ஆறு வருடமும் விசாரணையின்றி உள்ளே இருந்தார்கள்.

என் பாட்டி அப்போது சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பாலிங் அங்கிருந்து தூரமில்லை. மாணவர்கள் ஊர்வலம் போனது பற்றிக் கேட்டால், "அதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்பார். சீனி வாங்க வரிசையில் நின்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாலிங்கில் திரண்டவர்கள் பெரும்பாலும் மலாய்ச் சிறுதோட்டக்காரர்கள். பாட்டி லயத்துக்காரி. ரப்பர் விலை விழுந்தபோது இரண்டு வீட்டு அடுப்பும்தான் அடி வாங்கியது.

அந்த மாணவர்களை நான் புனிதர்களாக்கவில்லை. 1970இல் ஆங்கிலப் பெயர்ப்பலகைகள்மீது சாயம் பூசியதும் அதே வளாகத்து மாணவர்கள்தான். அங்கே மொழி உரிமை எங்கே முடிந்தது, இனவாதம் எங்கே தொடங்கியது என்று கோடு போடுவது கஷ்டம். ஆனால் டிசம்பர் 3 அன்று திடலுக்குப் போன பலருக்கு ரப்பர் விலை ஏறினாலும் இறங்கினாலும் சொந்தமாக லாபம் ஒன்றும் இல்லை. கிடைக்கவிருந்த பட்டத்தைத்தான் பணயம் வைத்தார்கள்.

1975இல் சட்டம் இறுக்கப்பட்டது. அப்போதைய கல்வி அமைச்சர் மகாதீர். 1986இல் அதே நாற்காலிக்கு வந்தவர் அன்வார். 1991 வரை அவர் அமைச்சராக இருந்தும் ஆவுக்கு ஆவுக்காகவே இருந்தது. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை, எரிச்சல் மட்டும்தான்.

சட்டத்தை அசைத்தவர்கள் நான்கு மாணவர்கள். 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கே பிடிபட்ட தேசியப் பல்கலைக்கழக அரசறிவியல் மாணவர்கள் அவர்கள். அரசியல் படிப்பவர்கள் தேர்தலைப் பார்க்கப் போனது குற்றமாம்! 2011 அக்டோபர் 31இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், கட்சி அனுதாபத்தைத் தடுத்த அந்த உட்பிரிவு பேச்சுரிமைக்கு எதிரானது, செல்லாது என்றது. 2012 திருத்தம் மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்றது. 2018 டிசம்பரில் வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கைக்கு இருந்த தடையும் நீங்கியது. அப்போது பிரதமர் யார்? மகாதீரேதான்.

தேதிகளை மறுபடி எண்ணிப் பார்த்தேன். அக்கா என்னிடம் கேட்டது 2017. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கடிதத்தில் கட்சியும் இல்லை, தேர்தலும் இல்லை. ஒருவரின் இரண்டு மாதக் கூலி மட்டும்தான். எந்தப் பிரிவும் என்னைத் தடுக்கவில்லை. அந்த வருடம் நாங்கள் கலை இரவுக்கு எழுதிய அனுமதிக் கடிதங்கள் மட்டும் பதினொன்று இருக்கும். அவ்வளவையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அடுத்த தவணை தொடங்கியபோது அந்த மாடிக்கு வேறொருவர் வந்திருந்தார்.

இப்போது துணைக் குத்தகையாளரின் பில் என் கையெழுத்து இல்லாமல் நகராது. இரண்டு மாதத்துக்கு முன் கம்பி கட்டும் வங்காளதேசத்துப் பையன் ஒருவன் கொள்கலன் வாசலில் வந்து நின்றான். "பாஸ், காஜி பெலும் மாசுக்." சம்பளம் இன்னும் வரவில்லை. அன்று சாயங்காலமே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இங்கே ஆவுக்கு கிடையாது. ஆனாலும் அதை அனுப்ப எனக்கு மூன்று நாள் ஆனது.