நின்றால் சுடும் வண்டி, ஏறினால் சுடும் வண்டி

பழைய பிக்கப்பை ஓட்டி வருபவர் பட்டறையில் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "அண்ணே, வண்டி ஹீட் ஆகுது." அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ரேடியேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். சரியாகாவிட்டால் தெர்மோஸ்டாட், அடுத்து வாட்டர் பம்ப், கடைசியில் ஹெட். ஒவ்வொன்றாக மாற்றி முடிப்பதற்குள் ஒரு வார வாடகை போய், கையிருப்பும் கரைந்துவிடும். "எப்போது ஹீட் ஆகிறது?" என்று முதலில் கேட்டிருந்தால் பாதிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

ஏனென்றால் இதில் இரண்டு நோய்கள் உண்டு. கோயம்பேடு சந்தைக்கு வெளியே லோடு இறக்க வரிசையில் நிற்கும்போது முள் ஏறி, சாலையில் வேகம் எடுத்ததும் இறங்கிவிடும் வண்டி ஒன்று. நகருக்குள் எந்தத் தொல்லையும் தராமல், மேட்டுப்பாளையத்தில் சிமென்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு கல்லாறு தாண்டி மலை ஏறும்போது மட்டும் கொதிக்கும் வண்டி இன்னொன்று. டேஷ்போர்டில் இரண்டும் ஒரே சிவப்புக் கோட்டைத்தான் காட்டும். கோளாறு இருக்கும் இடம் வேறு.

தோராயமாகச் சொன்னால், இஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வேலையாக மாறுகிறது, ஒரு பங்கு புகையோடு போகிறது, மீதியைக் குளிர்விப்பு அமைப்பு வெளியேற்ற வேண்டியிருக்கிறது. இஞ்சினிலிருந்து ரேடியேட்டர் வரை அந்த வெப்பத்தைச் சுமப்பது கூலன்ட். அங்கிருந்து வெளியே கொண்டுபோவது காற்று. ஐடிலில் நிற்கும் இஞ்சின் உண்டாக்கும் வெப்பம் குறைவு. கூலன்ட் மெதுவாகச் சுற்றினாலே போதும். ஆனால் எதிர்க்காற்று இல்லை, எல்லாம் ஃபேன் தலையில் விழுகிறது. சுமையோடு இஞ்சின் முழு மூச்சில் இழுக்கும்போது நிலைமை வேறு: வெப்பம் பல மடங்கு, கூலன்ட் ஓட்டத்தில் சிறு குறை இருந்தாலும் அப்போது வெளிப்பட்டுவிடும். ஆக, நெரிசல் சோதிப்பது காற்றை; ஏற்றம் சோதிப்பது தண்ணீரின் ஓட்டத்தை.

நின்றால் சுடும் வண்டியில் வேலை சுலபம். மின்சார ஃபேன் என்றால் ஃபியூஸ், ரிலே, சூட்டை உணரும் சுவிட்ச், மோட்டார் என்று வரிசையாகப் பார்த்துவிடலாம். மோட்டாருக்கு நேரடியாக பேட்டரி கொடுத்தும் சுற்றவில்லையென்றால் மோட்டார்தான் குற்றவாளி. இஞ்சின் நீளவாக்கில் இருக்கும் பழைய பிக்கப்புகள் பலவற்றில் ஃபேன் நேராக இஞ்சினாலேயே சுழல்கிறது. நடுவில் சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய விஸ்கஸ் கப்ளிங் இருக்கும். அந்த எண்ணெய் கசிந்துவிட்டால் ஃபேன் சுற்றுவது போலத் தெரியும், காற்றை மட்டும் இழுக்காது. வண்டி நன்றாகச் சூடான பிறகு இஞ்சினை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் தள்ளிப் பாருங்கள். தடையே இல்லாமல் இரண்டு மூன்று சுற்று சுற்றினால் கப்ளிங் போய்விட்டது. ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டையும் பார்க்க வேண்டும். முன்பு ஏதோ வேலைக்காகக் கழற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்டாமலே விட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். ஏசி இருந்தால் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் வைக்கோலும் மண்ணும் பூச்சிகளும் அடைந்திருக்கும். முன்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் குப்பை இன்னும் உள்ளே போகும்; இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கிக் கழுவ வேண்டும்.

ஏறினால் சுடும் வண்டிதான் பொறுமையைக் கேட்கிறது. தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய காரணம் போர்வெல் தண்ணீர் என்பேன். கூலன்ட் குறைந்தால் வழியில் கிடைக்கும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுவது நமக்குப் பழக்கம். அந்தத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, கொதிக்கும் இட்லிப் பானையின் அடியில் படிவதுபோல ரேடியேட்டரின் குறுகிய குழாய்களுக்குள் படிகிறது. கூலன்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப்போவதால் இஞ்சின் பிளாக்கின் துருவும் வந்து சேர்கிறது. வெளியில் பார்த்தால் ரேடியேட்டர் புதுசு போல இருக்கும்; உள்ளே பாதிக் குழாய்கள் மூடியிருக்கும். தொடாமல் சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால், இஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் முகப்பில் அங்கங்கே வைத்துப் பாருங்கள். சுற்றிலும் சூடாக இருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் சில்லென்று காட்டினால் அங்கே கூலன்ட் ஓடவில்லை என்று பொருள்.

அடுத்தது கீழ் ஹோஸ். பெரும்பாலான இஞ்சின்களில் பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது இதன் வழியாகத்தான். பழைய ஹோஸ் நெகிழ்ந்து, உள்ளே இருக்கும் சுருள்கம்பியும் துருப்பிடித்துப் போயிருந்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது உறிஞ்சலில் அது ஒட்டிக்கொள்ளும். ஐடிலுக்கு வந்தால் மீண்டும் விரிந்துவிடும். பட்டறையில் நிற்கும் வண்டியில் இது கண்ணில் படவே படாது; ஒருவர் ரேஸ் கொடுக்க, இன்னொருவர் கீழே பார்க்க வேண்டும். பம்பின் இம்பெல்லர் இறக்கைகள் துருவால் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறிவது தவறு. பல இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பகுதி பைபாஸ் வழியை மூடுகிறது. கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே இஞ்சினுக்குத் திரும்பும். சமவெளியில் வண்டி தேவைக்கு மேல் குளிர்ந்து டீசலைக் குடிக்கும், மலையில் கொதிக்கும். சந்தேகமாக இருந்தால் கழற்றி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை, பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியை, ஒட்டித் திறக்கத் தொடங்கினால் நல்லது. திறக்காவிட்டால் புதிது வாங்கிப் போடுங்கள்.

மலையில் இன்னொரு எதிரி உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போய்ச் சேர்வதற்குள் சுமார் 1,900 மீட்டர் ஏறுகிறோம். ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்த மூடி அந்தப் பாதுகாப்பு முழுவதையும் காலி செய்துவிடும். கீழே தப்பித்த வண்டி குன்னூரில் கொதிப்பதற்கு இப்படி ஒரு சிறு மூடி காரணமாக இருக்கலாம். ரேடியேட்டருக்குச் செலவழிப்பதற்கு முன் அதை மாற்றிப் பாருங்கள்.

இரண்டு நோயும் ஒன்றாகத் தோன்றும் இடமும் உண்டு. முழுச் சுமையோடு இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்றும் இல்லை, வெப்பமும் உச்சம். அங்கே கொதித்தால் எதை நம்புவது? பத்திரமான இடத்தில் ஓரம் கட்டி, இஞ்சினை நிறுத்தாமல் ஐடிலில் விட்டு முள்ளைப் பாருங்கள். மெல்ல இறங்கினால் ஃபேன் தன் வேலையைச் செய்கிறது, கூலன்ட் ஓட்டத்தைத் தேடுங்கள். மேலும் ஏறினால் உடனே நிறுத்திவிட்டு ஃபேனிலிருந்து தொடங்குங்கள். ஆனால் நீராவி கிளம்பியிருந்தால் இந்தச் சோதனை வேண்டாம், உடனே இஞ்சினை நிறுத்துங்கள்.

இந்த இரண்டிலும் அடங்காதது ஹெட் கேஸ்கெட். காலையில் குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் போல இறுகினால், ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தால், வெளியே ஒழுகாமலே தண்ணீர் குறைந்தால் அதைச் சந்தேகிக்கலாம். ஆயில் மூடிக்கு அடியில் பால் போல் படிந்திருப்பதை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்ற வேண்டாம். குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் வெறும் ஈரமும் அப்படிப் படியும்.

எந்த வகையாக இருந்தாலும் கூலன்ட் அளவையும் பெல்ட்டையும் கசிவையும் முதலில் பார்ப்பது பொது விதி. தண்ணீர் மிகவும் குறைந்து சென்சார் வெளியே நின்றால் முள் ஏறாமலே இஞ்சின் வெந்துபோகும்.

ஓட்டுநர்கள் ஒன்று செய்யலாம். முள் ஏறிய இடம், கியர், சுமை, ஓரம் கட்டிய பிறகு இறங்கியதா இல்லையா என்ற நான்கையும் நினைவில் வைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வழியில் கொதித்துவிட்டால், மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.