வலசைப் பறவைகள் போயாச்சு... ஏப்ரல், மே மாதங்களில் கோவை குளங்களில் என்ன பார்க்கலாம்? பதிவு செய்வது எப்படி?

டிசம்பர், ஜனவரியில் கோவை குளக்கரைகளில் பைனாகுலரும் கேமராவுமாக ஆட்களைப் பார்க்கலாம். ஏப்ரல் பிறந்தால் பலரும் வருவதை நிறுத்திவிடுவார்கள். "வந்த பறவையெல்லாம் போயாச்சு, இனி என்ன இருக்கு?" என்பதுதான் காரணம். ஆனால், குளத்தில் வேகமாக மாற்றங்கள் நடப்பதே இந்தக் கோடைத் தொடக்கத்தில்தான்.

எவை போகும், எவை இருக்கும்?

ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து போன்றவை முதலில் கிளம்பும். பொரி உள்ளான், தகைவிலான் போன்றவற்றில் சில ஏப்ரல் கடைசி வரை தங்கும். கடைசிப் பறவையை எந்தத் தேதியில் பார்த்தோம் என்ற குறிப்பு ஆண்டுதோறும் சேர்ந்தால், வலசைக் காலம் மாறுகிறதா என்று சொல்ல முடியும்.

உள்ளூர்ப் பறவைகளுக்கோ இனிதான் வேலை. மடையானின் முதுகு செம்பழுப்பாக மாறும். உண்ணிக்கொக்கின் தலையில் ஆரஞ்சு நிறம் ஏறும். ஆறு மாதமாகப் பார்த்த கொக்குதானா இது என்று சந்தேகமே வந்துவிடும்!

காய்ந்த குளத்தில் கூடு

தண்ணீர் வற்றி வெடித்த தரையைப் பார்த்தால் காலியிடம் போலத் தெரியும். அங்கேதான் ஆக்காட்டி முட்டை இடுகிறது. கூடு என்று பெரிதாக எதுவும் இல்லை. லேசான பள்ளம், சுற்றிச் சில கற்கள், மண் நிறத்தில் பெரும்பாலும் நான்கு முட்டைகள். குஞ்சு பொரிக்க ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். வெயில் கொளுத்தும்போது வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும். சிறு உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான் ஆகியவையும் இதேபோல் தரையில் கூடு வைப்பவை.

சிக்கலும் இங்கேதான். குளம் தூர்வாரப்படுவதும், வண்டல் மண் எடுக்கப்படுவதும் தண்ணீர் இல்லாத இதே மாதங்களில்தான். வட்டாட்சியர் அனுமதியுடன் வண்டலை இலவசமாக எடுக்க 2024-ல் விதிகள் எளிதாக்கப்பட்டன. விவசாயிகளுக்கு அந்த மண் தேவை, குளத்துக்கும் ஆழம் தேவை. ஆனால், எந்த மூலையில் கூடு இருக்கிறது என்று யாருமே எழுதி வைக்கவில்லை என்றால், அந்த மூலையை ஒரு மாதம் விட்டுவைக்கச் சொல்லி யாரிடம், எதைக் காட்டிக் கேட்பது?

எங்கே போகலாம்?

கொங்கு நாட்டில் கடல் இல்லை. ஆனால் நொய்யல் தண்ணீரை வாங்கும் குளங்கள் வரிசையாக இருக்கின்றன. உக்கடம் பெரியகுளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என வீட்டுக்கு அருகில் எது இருக்கிறதோ அதுவே நல்லது. திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஈரோடு வெள்ளோடு 2022-லேயே அந்தப் பட்டியலுக்குப் போய்விட்டது. பெயர் பெற்ற இடங்களைக் கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் தெரு முனைக் குளத்துக்குத்தான் ஆள் இல்லை.

எப்படிப் பதிவு செய்வது?

'இபேர்டு' செயலி இலவசம். வெள்ளென ஆறு மணிக்குப் போய், குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு குறிக்க வேண்டும். காக்கா, மைனாவை "இதெல்லாம் எதுக்கு" என்று விடக்கூடாது. முழுப் பட்டியல் இருந்தால்தான், ஒரு பறவை அன்று கண்ணில் படவில்லை என்பதும் தகவலாகும். பெயர் தெரியாததை ஊகித்துப் போடாமல் விட்டுவிடலாம். வாரம் ஒரு தடவை, அதே கரை, அதே நேரம் என்றால் ஒப்பிடச் சுலபம்.

பட்டாம்பூச்சி, தும்பி, பாம்பு, தவளைக்கு 'ஐநேச்சுரலிஸ்ட்' இருக்கிறது. படம் எடுத்துப் போட்டால், தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆக்காட்டி தலைக்கு மேலே சுற்றிக் கத்தினால், கூடு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வந்த வழியே பார்த்துத் திரும்புங்கள். பறவை எழுந்து போனால் முட்டை வெயிலில் வெந்துவிடும். கூட்டின் படத்தை இடத்தோடு சமூக வலைதளத்தில் போடவும் வேண்டாம்.

இதனால் என்ன பயன்?

2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30 ஆயிரம் பேர் இப்படிப் போட்ட பட்டியல்களை வைத்தே தயாரானது. ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையமும் அதில் பங்கேற்றது. நீண்டகாலப் போக்கு கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. மயில் கூடியிருக்கிறது. இதைக் கொங்கு விவசாயிகளிடம் அறிக்கை வைத்துச் சொல்ல வேண்டியதில்லைதான்!

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை உலகப் பறவைகள் கணக்கெடுப்பு நாளாக நடக்கிறது. முதல் பட்டியலை அன்றைக்கே தொடங்கலாம். ஜூலை கடைசியில் முதல் உள்ளான்கள் திரும்பத் தொடங்கிவிடும் என்பதால், கோடைப் பதிவுக்குக் கையில் இருப்பது சில வாரங்களே.